அத்தை சொன்ன பெயர்

ஊர் சுற்றிப் பார்க்கும் ஆசை மாமாவுக்கு. நாய் படாத பாடு பட்டது நான். எழுபதுகளின் நடுவில் என் கணவருக்கு ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்தில், கப்பல் பழுதுபார்க்கும் பட்டறையில் வேலை. எங்களோடு கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போக மாமனாரும் மாமியாரும் தூத்துக்குடியிலிருந்து வந்திருந்தார்கள். மாமா அங்கே கருப்பட்டி மொத்த வியாபாரி. கடையில் உட்கார்ந்தே பழகிய மனிதருக்கு இங்கே மட்டும் காலில் சக்கரம் முளைத்துவிட்டது. விடிந்ததும் வேட்டிக்கு மேல் மகனுடைய கம்பளிக் கோட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பார்.

அன்றைக்குக் கணவருக்கு லீவு இல்லை. இடுப்பில் கைக்குழந்தை மகள், கையில் நாலு வயது மகன், முன்னால் மாமா, பின்னால் முழங்கால் வலியோடு அத்தை. கோபுரம் வைத்த சர்ச்சைப் பார்த்தோம், ஏரியைப் பார்த்தோம், படகில் துறைமுகத்தைச் சுற்றினோம். "நம்மூரு தோணி இதவிட அகலம்" என்று மாமா படகுக்காரனிடம் தமிழிலேயே சொன்னார். அவனும் தலையாட்டினான். அத்தைக்கு எங்கே போனாலும் ஒரே கேள்விதான்.

"ஏளா, இங்கன உக்கார எடம் இருக்கா?"

சாயங்காலம் வீட்டுக்குத் திரும்ப பெரிய ரயில் நிலையத்துக்கு வந்தோம். கண்ணாடிக் கூரை, வரிசையாகத் தண்டவாளங்கள், வேலை விட்டு வரும் கூட்டம். மகள் வீறிட்டு அழுதாள். அவளுக்குப் பால் புட்டியை எடுக்க மகனின் கையை விட்டேன். "ஆச்சி முந்தானையப் பிடிச்சுக்கோ" என்றேன். பிடித்துக்கொண்டான். புட்டியை மூடி நிமிர்ந்தால் முந்தானை மட்டும் இருக்கிறது. பிள்ளையைக் காணவில்லை.

"அத்தை, தம்பி எங்க?"

"இங்கனதாம்ளா நின்னான்! இப்பத்தான் நின்னான்!"

எதிரே ஒரு ரயில் கதவை மூடிக்கொண்டு புறப்பட்டது. அதில் ஏறியிருப்பானோ? ஓடினேன், ஜன்னல் ஜன்னலாகப் பார்த்தேன், அது போயே போய்விட்டது. "தம்பி! ஏலே தம்பி!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். ரயில் சத்தத்தில் என் சத்தம் எனக்கே கேட்கவில்லை. மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பிளாட்பாரம் பிளாட்பாரமாக ஓடினார். அடுத்த ரயில் கிளம்பியது. அதற்கடுத்தது கிளம்பியது. ஒவ்வொன்றும் என் பிள்ளையைத்தான் தூக்கிக்கொண்டு போகிறது என்று தோன்றியது. சண்டாள ஊரே, நீ நாசமாய்ப் போக என்று வாய்விட்டுத் திட்டினேன். ஊர் என்ன செய்யும்?

யாரோ ஒருவர் என் நிலைமையைப் பார்த்து அறிவிப்பு சொல்லும் அறைக்கு அழைத்துப் போனார். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பெண், அவள் முன்னால் மைக். நானே கூப்பிடுகிறேன் என்று கையை நீட்டினேன். வெளி ஆட்களுக்கு மைக் கிடையாது என்று மறுத்துவிட்டாள். பிள்ளையின் பெயரைக் கேட்டாள்.

"தம்பி" என்றேன்.

அவள் சொன்னாள். "டாம்பி" என்று என்னமோ வந்தது. மறுபடியும் சொன்னாள். நிலையமே அதிர்ந்தது, பிள்ளை வரவில்லை. காத்திருக்கக் காத்திருக்க ரயில்கள் போய்க்கொண்டே இருந்தன. இனி இல்லை என்றே முடிவு கட்டிவிட்டேன். பட்டறையிலிருந்து வருகிறவருக்கு என்ன பதில் சொல்வேன்?

அப்போதுதான் அத்தை என் தோளைப் பிடித்து உலுக்கினார். "ஏளா, இந்த ஊரு டீச்சர் அவன என்ன சொல்லிக் கூப்பிடுதா?"

எனக்குச் சுரீரென்றது. மூத்த பேரனுக்குத் தாத்தா பெயரைத்தான் வைத்திருந்தோம். புருஷன் பெயரை அத்தை சொல்ல மாட்டார். மாமனார் பெயரை நானும் சொல்லக் கூடாது. அதனால் வீட்டில் அவன் எல்லாருக்கும் தம்பிதான். பெற்றவள் நான்கூட அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பாலர் பள்ளியில் மட்டும்தான் அந்தப் பெயர். வெள்ளைக்காரப் பெண்ணின் குரலில் அவனுக்குப் பழகிய பெயரும் அது ஒன்றுதான்.

நான் வாயைத் திறந்தேன். அத்தை தன் கையால் என் வாயைப் பொத்தினார்.

"நீ சொல்லப்புடாது. வர்றது என்னோட போவட்டும்."

கட்டியவன் பெயரைக் கட்டியவள் சொன்னால் அவனுக்கு ஆயுசு குறையும் என்று உயிருக்குயிராக நம்பியவர் அவர். ரேஷன் கடையில் கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்பவரைச் சொல்லச் சொல்லுவார். அந்த அத்தை கண்ணை இறுக மூடிக்கொண்டு, கண்ணாடியில் நெற்றி முட்ட, மாமாவின் பெயரை முழுசாகச் சொன்னார். அந்தப் பெண்ணுக்குப் பிடிபடவில்லை. மறுபடியும் சொல்லச் சொன்னாள். அத்தை அழுதுகொண்டே மறுபடியும் சொன்னார்.

ஒலிபெருக்கியில் அந்தப் பெயர் எழும்பியது. எங்கள் அறைக்கு எதிரிலேயே, தபால் மூட்டை ஏற்றும் தள்ளுவண்டியில் படுதா அசைந்தது. உள்ளேயிருந்து ஒரு சின்னக் கை மேலே வந்தது. பள்ளியில் ஆஜர் சொல்லப் பழக்கியிருந்தார்கள் போல. "ஹியர்!" என்றான் என் மகன்.

அவனை வாரி எடுத்து முதுகில் ஒன்று வைத்தேன். பிறகு முத்தம் கொடுத்தேன், மறுபடியும் ஒன்று வைத்தேன். ரயில் சத்தத்துக்குப் பயந்து ஒளிந்தானாம். போன உயிர் எனக்குத் திரும்பி வந்தது.

மாமா மூச்சிரைக்க ஓடி வந்தார். "என் பேரச் சொன்னாவளே, யாரு சொன்னா?" என்றார். பேரன் என் தோளில் இருப்பதைப் பார்த்ததும் அவர் கண் நிறைந்துவிட்டது.

அத்தை அத்தனை கூட்டத்தின் நடுவில் அவர் காலில் விழுந்தார். "நான்தான் சொல்லிட்டேன். ரெண்டு தடவ சொல்லிட்டேன். ஒங்க ஆயுச நானே கொறச்சிட்டேன்."

மாமா குனிந்து அத்தையின் இரண்டு கையையும் பிடித்துத் தூக்கினார்.

"எந்திரிளா. கொறஞ்ச ஆயுசு பேரனுக்குப் போய்ச் சேரட்டும்."