கனடாவுக்குப் படித்தோம்

கனடாவில் கழுத்து நீண்ட ஒரு வாத்து ஆட்களைத் துரத்தித் துரத்திக் கடிக்கும். ரக்கூன் என்று ஒரு பிராணி குப்பைத் தொட்டியின் மூடியைக் கையாலேயே திறந்து தின்னும். சில ஊர்களில் பாலைப் பிளாஸ்டிக் பையில் விற்பார்கள். ஒரு சென் காசை எப்போதோ ஒழித்துவிட்டார்கள். ஒருவர் காலை ஒருவர் மிதித்துவிட்டால் மிதிபட்டவரும் சேர்ந்து மன்னிப்புக் கேட்பார். இதெல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். தெரிந்து என்ன பிரயோசனம்?

நான் தேயிலைத் தோட்டத்தில் கான்ட்ராக்டில் கொழுந்து எடுப்பவள். என் வீட்டுக்காரர் அதே தோட்டத்தில் மருந்து அடிப்பவர், நிரந்தர வேலை. அதனால் தோட்டம் கொடுத்த லயன் வீடு அவர் பேரில். வேலை இருக்கும்வரை வீடு; வேலையை விட்டால் சாவியை ஆபீசில் கொடுத்துவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். எங்கள் தோட்டத்தில் பச்சைக் குழந்தைக்கும் தெரிந்த சட்டம் இது. எனக்கு ஒரே ஆசை. சுவரில் ஓர் ஆணி அடிக்க யாரிடமும் கேட்க வேண்டாத ஒரு வீடு.

அந்த ஆசையோடு நான்தான் அவரை பிரிஞ்சாங் டவுனுக்கு இழுத்துக்கொண்டு போனேன். கனடா வேலைக்கு ஆள் பிடிக்கும் ஓர் ஏஜெண்டு தாப்பாவிலிருந்து வந்து காப்பிக்கடையில் உட்கார்ந்திருந்தார். அவருக்குக் கொடுத்த பணம் போகட்டும், அதைப் பேசி ஆகப்போவது ஒன்றுமில்லை.

"இன்டர்வியூல சும்மா பேச்சு குடுப்பாங்க. அங்க எந்தப் பாட்டு ஓடுது, எந்த விளையாட்டு, இன்னைக்கு என்ன நியூஸ்னு கேப்பாங்க. நாட்டப் பத்தி ஒண்ணும் தெரியாத ஆள எடுக்க மாட்டாங்கலா" என்றார்.

எங்களுக்குப் பரீட்சை என்றால் ஒரே வழிதான் தெரியும், மனப்பாடம். பள்ளி நோட்டு ஒன்று வாங்கினேன். தினமும் கைப்பேசியில் கனடாச் செய்தியைத் திறப்பேன். அதுவே தமிழில் மாற்றிக் கொடுத்துவிடும். எந்தப் பாட்டுக்காரருக்கு விருது, எந்த நடிகை எந்த ஊர்க்காரி, எந்த நெடுஞ்சாலையில் காட்டு மான் வந்து நின்றது, எல்லாவற்றையும் கேள்வி பதிலாக எழுதினேன். சாயங்காலம் அவர் வந்து மருந்து வாடை போகக் குளித்து முடித்ததும் அடுப்படியில் உட்கார வைத்துக் கேட்பேன்.

"ஐஸ் ஹாக்கில ஒரு பக்கம் எத்தன பேரு?"

"பதினோரு பேரு."

"அது கால்பந்துங்க! இதுக்கு ஆறு பேரு. எத்தன வாட்டி சொல்றது?"

"எனக்கெதுக்கு புள்ள இது? அங்கயும் நான் மருந்துதானே அடிக்கப் போறேன்?"

மண்டையில் ஏறாத மனுஷன் என்று அப்போது எரிந்து விழுந்தேன். அவருக்கு எல்லாம் ஏறியிருந்தது. எனக்குத்தான் ஏறவில்லை.

பிறகு ஏஜெண்டு, தோட்டத்து வேலையிலிருந்து விலகிவிட்டதாக ஒரு கடிதம் வேண்டும் என்றார். இவர் தயங்கினார். "வேலைய விட்டா வீட்ட விடச் சொல்வாங்கடி" என்றார். "கனடா போற ஆளுக்கு லயன் வீடு எதுக்குங்க?" என்று கேட்டவள் நான். எவ்வளவு வாய்க்கொழுப்பு! ஆபீசில் கணக்கெழுதும் கிராணி கடிதத்தை வாங்குமுன், நல்லா யோசிச்சியா என்று இரண்டு தடவை கேட்டாராம். இவர் வந்து சொன்னார். நான் சிரித்தேன்.

கடிதம் கொடுத்து இரண்டு வாரம் இருக்கும். ஒரு பாட்டுக்காரி புருஷனைப் பிரிந்த செய்திக்கும், ஹாக்கி டீம் தோற்றதற்கு ரசிகர்கள் அழுத செய்திக்கும் நடுவில் மூன்று வரி இருந்தது. வழக்கம்போல அதையும் நோட்டில் எழுதிக்கொண்டேன். சாயங்காலம் அவரைக் கேட்டேன்.

"கனடா ஏன் வெளிநாட்டு வேலைக்காரங்களக் கொறைக்குது?"

"தெரியல."

"சொந்த ஜனங்களுக்கே அங்க வீடு பத்தல. புது நியூஸ் இது, கண்டிப்பா கேப்பாங்க. நல்லா ஞாபகம் வச்சுக்குங்க."

தலை துவட்டிக்கொண்டிருந்த துண்டை அவர் மடியில் வைத்தார். "அப்ப நம்மள மட்டும் எதுக்கு எடுப்பாங்க?" என்றார்.

என் கையால் எழுதி, என் வாயால் வாசித்து, பதிலையும் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அது எங்களைப் பற்றியது என்பது மட்டும் எனக்குப் புரியவில்லை. என் மேல் எனக்கு வந்த வெறுப்பு இன்னும் போகவில்லை.

போன் போட்டுக் கேட்டதற்கு ஏஜெண்டு முதலில், அது வேறு பிரிவு, கவலைப்படாதீர்கள் என்றார். மறுவாரம் அவர் போன் எடுக்கவில்லை. அதற்கடுத்த வாரம் அந்த நம்பரே இல்லை.

ஆபீசுக்கு ஓடினோம். "நான் ரெண்டு வாட்டி கேட்டேனா இல்லியா?" என்றார் கிராணி. "தொரைகிட்ட சொல்லிப் பாத்துட்டேன். கான்ட்ராக்ல வேணா வரச் சொல்றாரு. வீடு முடியாதுலா. நேப்பாளத்துப் பசங்களுக்கு எழுதியாச்சு." பிரிஞ்சாங்கில் இருக்கிற அறையெல்லாம் சுற்றுலா வருகிறவர்களுக்கு. ரிங்லெட்டில் காய்கறி ஸ்டோருக்குப் பின்னால் ஒரே ஓர் அறை கிடைத்தது. ஈப்போவில் விடுதியில் படிக்கும் மகளிடம், விடுமுறைக்கு வராதே என்று மட்டும் சொன்னேன். ஏன் என்று அவள் கேட்டதும், சாப்பிட்டாயா என்று பேச்சை மாற்றினேன்.

சனிக்கிழமை காலை கிராணி மூன்று நேப்பாளிகளை வீடு பார்க்க அழைத்து வந்தார். வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, உள்ளே வரலாமா என்று மலாயில் கேட்டார்கள். மரியாதையான பிள்ளைகள். கொஞ்சம் திமிராக இருந்திருந்தால் நான் தாங்கியிருப்பேன். என் வீட்டுக்காரர் அவர்களுக்கு ஒவ்வொன்றாகக் காட்டினார். மழைக்கு எந்த ஜன்னல் ஒழுகும், எந்தக் கதவைத் தூக்கிச் சாத்த வேண்டும் என்று. அடுப்படிக் குழாயைத் திறந்து, பாதிக்கு மேல் திருப்பினால் நிற்காது என்றும் சொல்லிக் கொடுத்தார். இத்தனை நாளில் என்னை ஒரு வார்த்தை சொல்லாத மனுஷன், அவர்களிடம் அவ்வளவு பொறுமையாகப் பேசிக்கொண்டிருந்தார். 

"எல்லாம் என்னாலதானே? ஒரு வார்த்தையாச்சும் திட்டுங்களேன்!" என்று எல்லோர் முன்னாலும் கத்திவிட்டேன்.

கோயிலிலோ கல்யாண வீட்டிலோ நான் சத்தம் போட்டால் செய்வதுபோல அவர் என் பக்கம் குனிந்து, குரலைத் தாழ்த்தினார்.

"ஆளுங்க இருக்காங்கல்ல. வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்."

எங்கள் அடுப்படியில் நின்றுகொண்டுதான் அதைச் சொன்னார். சொன்ன பிறகு அவருக்கும் உறைத்திருக்க வேண்டும். குழாயை மூடினார். பிறகு சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து கிராணியிடம் நீட்டினார்.