பல்லுக்குள் இருந்த பல்

என் மகள் சுமதியைக் கொன்றது யுத்தம் அல்ல. நான் சொன்ன ஒரு பொய்!

முகத்தைத் திருப்பாதீர்கள்... முழுவதையும் சொல்லிவிடுகிறேன்.

சுனாமி அவளுடைய அப்பாவைக் கொண்டுபோன பிறகு, பனிச்சங்கேணியில் கூடாரத்தில் இருந்தோம். அவளுக்கு எட்டு வயது. பல் பார்க்க வந்த டாக்டர் அம்மா, புதிதாய் முளைத்த மேற்பல்லின் பின்னால் ஒரு குழியைக் காட்டினா.

"பல்லுக்குள்ள இன்னொரு பல் மடிஞ்சு கிடக்கு. எங்கயோ ஒருத்தருக்கு அருமையாத்தான் இப்பிடி வரும். வெளியால ஒண்டும் தெரியாது, உள்ளுக்குப் பழுதாகும். டவுனுக்குக் கொண்டு வாங்க, குழியை அடைப்பம்."

நான் போகவில்லை. வழியெல்லாம் செக்பொயின்ட்... என்ன கேட்பார்களோ, என்ன சொல்வேனோ! ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். நாளைக்கு, நாளைக்கு என்றே இரண்டு வருடம் போயிற்று.

மறுகா, திரும்பவும் சண்டை. ஷெல்லுக்குப் பயந்து ஓடிவந்து சித்தாண்டிப் பக்கம் ஒரு முகாமில் கிடந்தோம். அங்கேதான் பிள்ளையின் மூக்கோரம் வீங்கியது. "கூகைக்கட்டு" என்றேன், அந்தப் பொன்னுக்குவீங்கி. பக்கத்துக் கூடாரத்துப் பாக்கியம் அக்கா தன் சங்கிலியைக் கழற்றி அவள் கழுத்தில் போட்டா. பொன் பட்டால் வீக்கம் வற்றுமாம். போட்டுக்கொண்டே கேட்டா:

"என்ன கா, கூகைக்கட்டு காதடியிலதானே வரும்? இதுவும் நம்மளப்போல இடம்பெயர்ந்திட்டோ?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்... பல்தான் என்று தெரிந்துகொண்டே!

முகாமுக்கு வந்த டாக்டர் வாயைத் திறந்து பார்த்தார். பல் வெள்ளையாய், சொத்தையில்லாமல் இருந்தது.

"பல்லில முந்தி ஏதும் வருத்தம் சொன்னவங்களா?"

"இல்ல ஐயா."

ஏன் அப்படிச் சொன்னேன்? ஏச்சுக்குப் பயந்து! இரண்டு வருடமாய் என்ன செய்தாய் என்று அத்தனை சனத்துக்கு முன்னால் கேட்பாரே என்று... வேறொன்றுமில்லை. சுமதி என்னை நிமிர்ந்து பார்த்தாள். அம்மா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்தாளோ? வாயை மூடிக்கொண்டாள்.

காய்ச்சல் மருந்து தந்தார். மூன்றாம் நாள் கண் வீங்கி மூடிக்கொண்டது, நினைவும் தப்பியது. பல்லின் சீழ் மூளைக்கு ஏறித்தான் உயிர் போனது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். என்னிடம் மட்டும்.

யுத்தம் முடிந்தபின், செத்தவர்களின் விபரம் எடுக்க ஒருவர் வந்தார்.

"மகள் சண்டையிலயா?"

பாக்கியம் அக்கா எனக்கு முந்திச் சொன்னா: "ஓம் தம்பி, ஓடித் திரிஞ்ச நேரத்தில. பாவம், இவ என்ன செய்வா?"

அவர் எழுதினார். வாசித்தும் காட்டினார். சரிதானே அம்மா என்று கேட்டார்.

நான் கையெழுத்துப் போட்டேன்.