உள்ளே வர மறுத்தவர்

மூன்று வருடங்களுக்கு முன், ஐப்பசி மழையில் நடந்தது. குரங்கணிக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தின் சிறிய மருந்தகத்தில் நான் நர்ஸ். டாக்டர் வாரம் ஒருமுறைதான் வருவார். மற்ற நாட்களில் நானும் மூடுபனியும்தான். பேச்சுத்துணைக்கு ஆள் கிடையாது, செல்போனில் சிக்னலும் கிடையாது.

அன்று மதியம் தோட்டத்து ஜீப் ஓட்டும் அண்ணன் ஓடி வந்தார். "சிஸ்டர், வெரசா வாங்க! களை வெட்டும்போது ஒரு அம்மாவுக்கு அருவா கால்ல பட்ருச்சு, ரெத்தம் நிக்கல. வாசல் வரைக்கும் தூக்கியாந்துட்டோம். அந்தம்மா உள்ள வரமாட்டேங்குது."

வெளியே ஓடினேன். அந்த அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். இலங்கையிலிருந்து அகதியாக வந்து, தோட்டத்துக் குடியிருப்பில் தனியாக இருப்பவர். யாரோடும் அதிகம் பேசமாட்டார். மழையில் நனைந்தபடி வேலிக்காலை இறுகப் பிடித்திருந்தார். பார்வை, முந்தின வாரம் முகப்பில் பெயின்ட் அடித்த சிவப்புச் சிலுவைக் குறியில் நின்றது.

"ஊசிக்குப் பயமாம்மா?" என்றேன்.

"ஊசிக்கில்லைப் பிள்ளை. சண்டை நேரம் ஆஸ்பத்திரிக் கூரையில இந்தக் குறியைத்தான் கீறி வச்சவை. இதைக் கண்டா குண்டு போட மாட்டாங்கள், உலகச் சட்டம் எண்டு சொன்னவை. அதை நம்பித்தான் காயப்பட்ட என்ர மகளை அங்க கிடத்தினனான். செல் குண்டு அங்கயும் விழுந்தது."

அந்தச் சட்டத்தை நானும் நர்சிங் படிக்கும்போது மனப்பாடம் செய்திருக்கிறேன்.

கீழே போடி ஆஸ்பத்திரிக்கு இறக்கலாமென்றால் பாதையில் மண் சரிந்து கிடந்தது. அவரை உள்ளே இழுக்க மனம் வரவில்லை. தையல் சாமான்களை வெளியே கொண்டுவந்தேன். அண்ணன் ஜீப்பிலிருந்த தார்ப்பாயை எடுத்துத் தலைக்கு மேல் பிடித்தார்.

"நீங்க தைங்க சிஸ்டர். நான் அசையமாட்டேன்" என்றார் அண்ணன்.

சேற்றில் முழங்காலிட்டுத் தைத்தேன். ரத்தம் நின்றது.

கட்டுப் போட்டதும் அவரே பேசினார். "பிறகு இதே குறி போட்ட கப்பல்தான் என்னையும் காயக்காரரையும் ஏத்திக் காப்பாத்தினது. அதுக்கு ஒருத்தரும் சுடேல்லை. ரெண்டும் உண்மைதான் பிள்ளை. நான் எதை நம்புறது?"

காயம் ஆறும்வரை கட்டு மாற்ற வந்தார். ஒவ்வொரு முறையும் வெளியேதான் உட்கார்ந்தார். பிறகு வேறு தோட்டத்துக்குப் போய்விட்டார். எங்கே என்று தெரியவில்லை.

எங்கோ ஒரு நாட்டில் மருத்துவமனை மீது குண்டு விழுந்ததாகச் செய்தி வரும்போதெல்லாம், செத்தவர்களோடு எனக்கு அந்தக் கணக்கு முடிவதில்லை; உயிர் பிழைத்தும், இனி எந்தக் கதவுக்குள்ளும் நம்பி நுழைய முடியாமல் போனவர்களை யார் காப்பாற்றுவது என்றுதான் மனம் கேட்கிறது.