கைப்பிடி மேலே வரும்வரை

பஸ் ஓட்டும் வேலையிலிருந்து எடுத்த பிறகு தர்மசந்திரனுக்கு வீடு போதவில்லை. செவிலிமேட்டில் அவர் கட்டிய வீடு சின்னது. வாசலிலிருந்து அடுக்களைக்கு நடப்பார், அங்கிருந்து மொட்டை மாடிக்கு ஏறுவார். மாடியில் நின்றால் பாலாற்றுப் பாலத்தில் ஏறும் பஸ்களின் சத்தம் கேட்கும். எந்த வண்டிக்கு கிளட்ச் தேய்ந்திருக்கிறது என்று சத்தத்திலேயே சொல்வார். கேட்க ஆள் இருக்காது. கீழே இறங்குவார். இறங்கியதும் மறுபடி ஏறத் தோன்றும்.

சர்க்கரை அவருடைய வலது கண்ணைக் கெடுத்திருந்தது. நேர்க்கோடெல்லாம் வளைந்து தெரிந்தது. பரிசோதனையில் இனி வண்டி ஓட்டக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். டிப்போவிலேயே கண்டக்டர்களுக்கு டிக்கெட் மெஷின் எடுத்துக் கொடுக்கும் வேலை இருக்கிறது, வாங்க என்றார்கள். அவர் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். கண்ணுக்குள் ஊசி போட்டால் மேலும் கெடாமல் நிறுத்தலாம் என்று சென்னை ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். அதையும் அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிக்கொண்டிருந்தார்.

மனைவி கௌசல்யா பட்டுச் சேலைகளுக்கு ரவிக்கை தைப்பவர். முன்னறையில்தான் தையல் மெஷின். அளவு கொடுக்க வரும் பெண்கள் தர்மசந்திரன் குறுக்கே வந்து போவதைப் பார்த்துவிட்டு, அப்புறம் வருகிறோம் என்று கிளம்பினார்கள்.

கௌசல்யாவின் தம்பி வர்த்தமான் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் பழைய சாமான் வாங்கி விற்பவன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெளிநாட்டு இஞ்சினியர் ஒருவர் காலி செய்த வீட்டின் சாமான்களோடு வந்தான். அவற்றுக்கு நடுவே இத்தாலிக்காரர்களின் பழைய காப்பி மெஷின் ஒன்று இருந்தது. செம்பில் ஒரு சின்னக் கொதிகலன், அதன் முன்னால் பித்தளைக் குழாய், மேலே முழங்கை நீளத்துக்கு ஒரு இரும்புக் கைப்பிடி. கைப்பிடியைக் கீழே இழுத்தால் உள்ளே இருக்கும் சுருள்வில் அமுங்கும். விட்டால் வில் விரிந்து, கொதிநீரைக் காப்பித்தூளுக்குள் அழுத்தும்.

"செம்பும் பித்தளையும்தான் மாமா. ஒடச்சி எடை போட்டுடலாம்னு இருக்கறேன்" என்றான் வர்த்தமான்.

தர்மசந்திரன் கைப்பிடியைப் பிடித்து இழுத்தார். பாதி வந்து சிக்கிக்கொண்டது. மறுபடி இழுத்தார்.

"ஒடைக்காத. இங்க வெச்சிட்டு போ."

"இத வெச்சிக்கினு இன்னா பண்ணப் போறீங்க?"

"தெரில."

அன்றே பிரித்துப் போட்டார். கெட்ட கண்ணை மூடிக்கொண்டு விரல்களால் தடவித் தடவித் திருகுகளைக் கழற்றினார். கொதிகலனுக்குள் சுண்ணாம்பு ஏடு ஏடாகப் படிந்திருந்தது. எலுமிச்சை உப்புக் கரைசலைக் கொதிக்க வைத்து ஊற்றி, கரைத்து, மறுபடி ஊற்றினார். பிஸ்டனில் இருந்த ரப்பர் வளையங்கள் தொட்டதும் அப்பளம்போல உடைந்தன. டிப்போவில் பிரேக்குக்குப் போடும் ரப்பர் இதே அளவில் கிடைக்கும் என்றார்.

"பிரேக்குக்குப் போடறதப் போட்டு என்னைக் குடிக்கச் சொல்றீங்களா?" என்றார் கௌசல்யா.

வர்த்தமான் போனில் தேடி, பெங்களூரிலிருந்து சரியான வளையங்களை வரவழைத்தான். அவை வந்து சேர்வதற்குள் தர்மசந்திரன் படாத பாடு பட்டார். தெருவில் எந்த ஸ்கூட்டர் சத்தம் கேட்டாலும் வாசலுக்கு ஓடினார். அந்த இடைவெளியில், பட்டுக்குச் சாயம் போடும் பட்டறையில் பாய்லர் பார்க்கும் குமரகுருவிடம் கொண்டுபோய், ஆவி வெளியேறும் வால்வையும் சூடேற்றும் காயிலையும் சோதித்து வாங்கி வந்தார்.

எல்லாம் பூட்டியாயிற்று. வீட்டிலிருந்த காப்பித்தூளையே போட்டார். சிக்கரி கலந்த தூள், மாவு போல நைசானது. பிடி வைத்த சின்னக் கிண்ணத்தில் அதை இறுக்கி அமுக்கி, குழாயின் அடியில் திருகி மாட்டி, கைப்பிடியைக் கீழே இழுத்து விட்டார். அது மெல்ல மேலே எழுந்திருக்க வேண்டும். எழவில்லை. கீழே வைத்த தம்ளரில் ஒரு சொட்டுகூட விழவில்லை. சிக்கரி ஊறிப் பசையாகி வழியை அடைத்துவிட்டது.

"கொஞ்சம் நில்லுங்க. ஃபில்டர்லயே எறங்க நேரமாவுதில்ல" என்றார் கௌசல்யா.

அவர் நிற்கவில்லை. தூள் இருந்த கிண்ணத்தின் பிடியைத் திருகினார். உள்ளே அடைபட்டிருந்த அழுத்தம் ஒரே மூச்சில் வெளியேறியது. கொதிக்கும் சக்கை சுவரெல்லாம் தெறித்தது. தடை விலகியதும் வில் விரிந்து, கைப்பிடி மேலே பாய்ந்து அவர் தாடையில் அடித்தது.

ஆஸ்பத்திரியில் தாடைக்குத் தையல் போட்டார்கள். ஒரு பல் ஆடியது. வீட்டுக்கு வந்ததும் கௌசல்யா காப்பி மெஷின்மேல் பழைய போர்வையைப் போட்டு மூடிவிட்டு, தைக்க உட்கார்ந்தார். தலை நிமிராமலே பேசினார்.

"அதும்மேல தப்பில்லங்க. நான் பாத்துக்கினுதான இருந்தேன். நிக்கச் சொன்னேன். உங்களால நிக்க முடில."

தர்மசந்திரன் மாடிப்படிப் பக்கம் போனார்.

"மாடிக்கு எதுக்கு ஏறி எறங்கறீங்கன்னு எனக்குத் தெரியாதா? பஸ்ஸு போச்சி. போவட்டும். அந்தக் கண்ணையும் உட்டுட்டீங்கன்னா..." நூல் அறுந்தது. அவர் அதைத் திரும்பக் கோக்கவில்லை.

தர்மசந்திரன் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு, தாடையை அசைக்காமல், மெதுவாகச் சொன்னார். "பயமா இருக்குது. கண்ணத் தொறந்து வெச்சிக்கினு, ஊசி வர்ற வரைக்கும் அசையாம படுத்திருக்கணுமாம். அசையாம இருக்க என்னால ஆவாது, கௌசல்யா."

இவ்வளவு நாளும் அவர் அதை யாரிடமும் சொல்லவில்லை.

"நான் வரேன். கையப் புடிச்சிக்கினு நிக்கறேன்" என்றார் கௌசல்யா.

தையல் பிரித்த வாரமே போனார்கள். சென்னை பஸ்ஸில், முன்னால் டிரைவர் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் தர்மசந்திரனின் வலது கால் தரையை மிதித்தது. ஆஸ்பத்திரியில் ஊசி போடும் அறைக்குள் கௌசல்யாவை விடவில்லை. மரத்துப்போக மருந்து விட்டு, இமையை விரித்துப் பிடித்தார்கள். அவர் கட்டில் சட்டத்தை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டார். ஏதோ அழுத்துவதுபோல இருந்தது. முடிந்துவிட்டது என்றார் டாக்டர். அவரால் நம்ப முடியவில்லை.

ஊர் திரும்பியதும், பஸ் ஸ்டாண்டுப் பக்கம் காப்பித்தூள் கடையில் கௌசல்யாதான் நின்றார். "சிக்கரி வேணாம்பா. கொஞ்சம் கொரகொரப்பா அரைச்சிக் குடு."

ஊசியால் சிவந்த கண் தெளிந்த ஒரு சாயங்காலம் போர்வையை எடுத்தார்கள். பொழுது சாய்ந்த பிறகு எதையும் வாயில் வைக்காத ஜைனக் குடும்பம். அதனால் வெயில் இருக்கும்போதே ஆரம்பித்தார்கள். தர்மசந்திரன் கைப்பிடியை இழுத்து, ஒரு நிமிடம் பிடித்து, விட்டார். முகத்தை விலக்கிக்கொண்டு ஓரமாக நின்றார். கை கிண்ணத்தின் பிடிக்கு ஒருமுறை போயிற்று. கௌசல்யா பார்த்தார். கை திரும்பி வந்தது. கைப்பிடி மெல்ல மெல்ல ஏறியது. தம்ளரில் தேன்போலக் கெட்டியாகக் காப்பி இறங்கி, மேலே பழுப்பு நுரை கட்டியது. கைப்பிடி முழுக்க மேலே போய் நிற்கும்வரை அவர் கால் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

கௌசல்யா ஒரு வாய் குடித்தார். "கஷாயம் மாதிரி இருக்குது." சூடான பாலை ஊற்றிக் கலந்து, மறுபடி குடித்துப் பார்த்தார். "இப்ப பரவால்ல" என்று முழுவதும் குடித்தார்.

கண் பழையபடி திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இருப்பது நிலைத்தால் போதும், ஊசியை விடக்கூடாது. அடுத்த திங்கட்கிழமை தர்மசந்திரன் டிப்போவில் போய்ச் சேர்ந்தார். டிக்கெட் மெஷின்களை எடுத்துக் கொடுத்தார், வாங்கி வைத்தார். நடுநடுவே எழுந்துபோய், கிளம்பும் வண்டிகளின் பக்கத்தில் நின்றுவிட்டு வந்தார். புதன்கிழமை மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டார். கௌசல்யா தட்டை எடுத்து வைத்தார். மோர்ச்சோறு போட்டார். அவர் சாப்பிட்டுவிட்டு, தெருமுனைக்கு நடந்து, டவுன் பஸ் பிடித்து மறுபடி டிப்போவுக்குப் போனார்.