பிறை ஒரு நாள் பிந்திய மலை

தொண்ணூறுகளில் நோன்புப் பெருநாள் பிப்ரவரி மாதத்தில் வந்த வருடங்கள் இரண்டுதான்: தொண்ணூற்றாறு, தொண்ணூற்றேழு. நான் சொல்லப்போவது தொண்ணூற்றேழில் நடந்தது என்பது என் கட்சி. மாமா தொண்ணூற்றாறு என்று சாதிக்கிறார். அவருடைய பழைய பாஸ்போர்ட்டைப் பார்த்தால் தீர்ந்துவிடும். அது ஊரில் யாருடைய அலமாரியில் கிடக்கிறது என்றுதான் தெரியவில்லை. ஆனால் பெருநாளின் இரண்டாம் நாள், மதியத் தொழுகை முடிந்த கையோடு கிளம்பினோம் என்பதில் எங்களுக்குள் தகராறு இல்லை.

எனக்கு அப்போது ஒன்பதோ பத்தோ வயது. வாப்பா துபாயின் தேராவில் ஒரு பெட்டிக் கடையில் வேலை பார்த்தார். வெற்றிலை பாக்குக் கடை அல்ல. பயணப் பெட்டிகள் விற்கிற கடை. ஊருக்குப் போகிறவர்களின் அட்டைப்பெட்டிகளை மஞ்சள் நைலான் கயிற்றால் கட்டிக்கொடுப்பதும் அங்கே ஒரு வேலை. வாப்பா கட்டிய பெட்டி எந்த விமான நிலையத்திலும் பிரிந்ததில்லை என்று அந்தத் தெருவில் பெயர் இருந்தது. வீடு என்று எங்களுக்கு இருந்தது, மூன்று குடும்பங்கள் பகிர்ந்துகொண்ட ஒரு ஃபிளாட்டில் ஒரே ஓர் அறை. சமையலறை பொது, நடை பொது. உம்மா அறையை விட்டு அடுப்படிக்குப் போவதற்கும் தலையில் துணி போட்டுக்கொண்டுதான் போக வேண்டும்.

மாமா உம்மாவின் ஒரே தம்பி. அந்தப் பெருநாளின்போது அவர் இரண்டு விசாக்களுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தார். பழைய வேலையின் விசா ரத்தாகிவிட்டது. அல் ஐனில் ஒரு கிடங்கில் புது வேலை, அதன் விசா தயார். விடுமுறை முடிந்ததும் பழைய கஃபீலின், அதாவது விசா கொடுத்த முதலாளியின், அலுவலகத்திலிருந்து பாஸ்போர்ட்டை வாங்கி, விமானம் ஏறி நாட்டை விட்டு வெளியே போய், புது விசாவில் திரும்பி வர வேண்டும். அதுவரை ஒரு வம்பிலும் மாட்டக் கூடாது. மாட்டினால் புது விசாவும் போய்விடும், ஊருக்கு ஒரேயடியாகத் திரும்ப வேண்டியதுதான். சட்டைப் பையில் பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு ஃபோட்டோ காப்பியை வைத்துக்கொண்டு, அதையே அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொள்வார். அப்படிப்பட்டவர்தான் மலைக்குப் போகலாம் என்றார்.

"அங்க டிக்கெட்டு கெடையாது மச்சான். கேட்டு கெடையாது. மலையில எங்க வேணாலும் வண்டிய நிறுத்தலாம், எங்க வேணாலும் படுக்கலாம். வெள்ளக்காரன்லாம் அப்புடித்தான் போறான்."

வாப்பா நம்பவில்லை. "யாரையும் கேக்காமலா? இந்த நாட்டுல ஒரு மனுசன் இருந்தா அவனுக்கு ஒரு கஃபீல் இருப்பான். ஒரு மலை இருந்தா அதுக்கு இருக்க மாட்டானா?"

"மலைக்கு அல்லாதான் மச்சான் கஃபீல்."

அத்தோடு பயணம் முடிவாகிவிட்டது. உம்மா ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்: "ஆம்புள கண்ணு படாத எடமா இரிக்கணும் தம்பி. ஒரு நாளாச்சும் தலையத் தொறந்து உக்காந்து காத்து வாங்கணும்."

கடையின் பிக்கப்பைக் கேட்டு வாங்கினோம். கூடாரம் வாங்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. வாப்பா கடையிலிருந்து ஒரு தார்ப்பாய், ஒரு கண்டு மஞ்சள் கயிறு, பிரித்த குளிர்பெட்டி அட்டைகள் நாலு எடுத்துக்கொண்டார். உம்மா அடுக்களையில் தன் பங்குக்கு இருந்த எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டார்.

துபாயைச் சேர்ந்த மலை ஊரான ஹத்தாவில் பெருநாள் கூட்டம். அணைக்கட்டுப் பக்கம் போனால் அங்கே ஒரு பட்டாளமே பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்தது. கல்பாதையில் இறங்கி நீர்க்குட்டைகளுக்குப் போனால் அங்கே இளைஞர்கள் பனியனோடு குதித்துக்கொண்டிருந்தார்கள். மாமா வண்டியை நிறுத்தும்போதெல்லாம் உம்மா ஜன்னல் வழியாகப் பார்த்து, "இங்க வேண்டாம், இன்னும் கொஞ்சம் போ," என்பார். மாமா இன்னும் கொஞ்சம் போவார். அங்கேயும் யாராவது இருப்பார்கள். இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக நாங்கள் எவ்வளவு தூரம் போனோம் என்பதை யாரும் கவனிக்கவில்லை. வழியில் பலகை இல்லை, வேலி இல்லை. கடைசியில் மாலை அஸர் தொழுகை நேரத்துக்குச் சற்றுப் பின்னால், மூன்று பக்கமும் பழுப்பு மலை நிற்க, நடுவில் ஒரு நீரோடை முழங்கால் அளவு ஓடுகிற இடத்தில் உம்மா "இதுதான்" என்றார். கண்ணுக்கெட்டிய தூரம் மனித வாடையே இல்லை.

வாப்பா தார்ப்பாயை பிக்கப்பின் கம்பியிலிருந்து இழுத்து ஒரு கருவேல மரத்தோடு பிணைத்தார். விமானத்தில் ஏற்றப்போகிற பெட்டியைப் போல நாலு பக்கமும் குறுக்கும் நெடுக்குமாக அவர் கட்டி முடித்தபோது, மாமா சுற்றி வந்து பார்த்து, "அட்ரஸ் எழுதலையா மச்சான்?" என்றார். நான் படுத்த அட்டையில் மேல் நோக்கிய அம்பும் ஒரு கண்ணாடிக் கோப்பையும் அச்சாகியிருந்தன. உம்மா தலைத்துணியை எடுத்து, சடையைப் பிரித்துவிட்டு, ஓடையில் காலை வைத்து உட்கார்ந்தார். அவருடைய தலைமுடி இடுப்புக்குக் கீழே வரும் என்பதை நான் பகல் வெளிச்சத்தில் பார்த்தது அன்றுதான். இருட்டியதும் குளிர் வந்தது. இருந்த துணிகளையெல்லாம் போர்த்திக்கொண்டு தூங்கிவிட்டேன்.

காலையில் உம்மா தேநீர் போட்டுக்கொண்டிருந்தபோது ஆடுகள் வந்தன. ஆடுகளுக்குப் பின்னால் ஒரு கிழவர் வந்தார். கையில் மெல்லிய பிரம்பு, தலையில் பூவேலைத் துணி சுற்றியிருந்தார். உம்மா முக்காட்டை இழுத்துக்கொண்டு தார்ப்பாய்க்குள் போனார். வாப்பா எழுந்து சலாம் சொன்னார். விலை சொல்லவும் விலை குறைக்கவும் மட்டும் போதுமான கடை அரபி அவருடையது. அதை வைத்துக்கொண்டு, "இப்போதே கிளம்பிவிடுகிறோம், பிரச்சினை மாஃபி, ஒன்றும் இல்லை," என்றார். கிழவர் காதில் வாங்காமல் குந்தி உட்கார்ந்து, நீட்டிய தேநீரை வாங்கிக்கொண்டார். பெருநாள் வாழ்த்துச் சொன்னார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்து, இரண்டு விரலைக் காட்டினார்.

"இன்னக்கி ரெண்டாம் பெருநாளாம், ஒனக்கும் வாழ்த்து சொல்றாரு," என்றார் வாப்பா.

நாள் கிழமை விஷயத்தில் எனக்கு அப்போதே பிடிவாதம் உண்டு. "இல்ல. இன்னக்கி மூணாம் நாள்," என்று மூன்று விரலைக் காட்டினேன்.

கிழவர் தலையை ஆட்டி மறுபடி இரண்டு காட்டினார். நான் மூன்று காட்டினேன். அவர் பிரம்பைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு விரலையும் என் மூக்குக்கு நேரே நீட்டினார். நானும் என் மூன்றை அவர் மூக்குக்கு நேரே நீட்டினேன். வாப்பாவும் மாமாவும் சிரித்தார்கள்.

"மலையில ஆடு மேய்க்கிறவருக்கு நாள் மறந்திருக்கும், வுடும்மா," என்றார் மாமா.

வாப்பாவின் சிரிப்பு பாதியில் நின்றது. "மாப்புள," என்றார் தணிந்த குரலில், "பெருநாள் அன்னக்கிக் காலையில மஸ்கட்லேர்ந்து நம்ம கூட்டாளி போன் வந்துச்சே. எங்களுக்கு இன்னும் பிறை தெரியல, இன்னக்கும் நோன்புதான்னு சொன்னானே."

மாமா சட்டைப் பையைத் தொட்டார். வாப்பா கிழவரிடம், இந்த மலை துபாய்தானே என்று ஒருவாறு கேட்டார். கிழவர் பிரம்பை எடுத்து, நாங்கள் வந்த வழியைக் காட்டி "இமாராத்", அமீரகம், என்றார். பிறகு தரையை இரண்டு முறை தட்டி, "ஒமான்" என்றார்.

முத்திரை இல்லாமல், பாஸ்போர்ட் இல்லாமல், நாங்கள் வேறொரு நாட்டில் ஓர் இரவு தூங்கி எழுந்திருந்தோம்.

கிழவர் தேநீர் முடித்து எழுந்தார். உள்ளங்கையைத் தரையை நோக்கி அழுத்திக் காட்டி, "இங்கேயே இருங்கள், எங்கும் போகக் கூடாது, நான் வருகிறேன்," என்றார். ஆடுகளை அப்படியே விட்டுவிட்டு மலைச்சரிவில் ஏறி மறைந்துபோனார்.

"போலீஸக் கூப்புடப் போறான்," என்றார் மாமா. "சாமான் கெடக்கட்டும் மச்சான், யல்லா, வண்டிய எடுப்போம்."

எடுத்தார். பின் சக்கரம் கூழாங்கல்லில் சுழன்று அச்சு வரை இறங்கியது. வாப்பாவும் உம்மாவும் தள்ளினார்கள், அட்டைகளைச் சக்கரத்துக்கு அடியில் திணித்தார்கள். அட்டை கிழிந்ததுதான் மிச்சம். தார்ப்பாயில் வாப்பா போட்ட முடிச்சை வாப்பாவாலேயே அவிழ்க்க முடியவில்லை, கத்தியால் அறுத்தார். உம்மா அழ ஆரம்பித்தார். "நாந்தானே இன்னும் போ, இன்னும் போன்னேன். தம்பி, நீ அந்தப் பாறைக்குப் பின்னாடி போய் இரி. ஆளு மூணு பேருதான்னு சொல்லிக்கிருவோம்."

"அந்தக் கெழவன்தான் என்னயும் சேத்து எண்ணிப் பாத்துட்டானே லாத்தா."

"போடா, சொல்றேன்ல!"

மாமா போய்ப் பாறைக்குப் பின்னால் உட்கார்ந்தார். ஆடுகளுக்கு அது ஒரு புதுமையாக இருந்திருக்க வேண்டும். ஒன்று போய் எட்டிப் பார்த்துக் கத்தியது. இன்னொன்று வந்தது. சற்று நேரத்தில் மொத்த மந்தையும் பாறையைச் சுற்றி அரைவட்டமாக நின்று அவரைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தது. எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. உம்மா என் முதுகில் ஒன்று வைத்தார்.

ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். மலைத் திருப்பத்தில் ஒரு லேண்ட் க்ரூஸர் வந்தது. கிழவர் இறங்கினார். ஓட்டுநர் பக்கத்திலிருந்து, முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் இறங்கினார். மடிப்புக் கலையாத போலீஸ் உடுப்பு, இடுப்பில் பெல்ட், தலையில் தொப்பி. ஆடுகள் கத்துகிற திசையைப் பார்த்தார். மாமா தானாகவே எழுந்து, கைகள் இரண்டும் தெரியும்படி வைத்துக்கொண்டு நடந்து வந்தார். வாப்பா பர்ஸிலிருந்து என் பள்ளி அடையாள அட்டையை எடுத்து நீட்டினார். அதை ஏன் நீட்டினார் என்று அவருக்கும் பிறகு சொல்லத் தெரியவில்லை.

போலீஸ்காரர் அட்டையை வாங்கவில்லை. மாமாவையே பார்த்தார். மாமாவின் கை மறுபடி பையிலிருந்த காகிதத்தின் மேல் போயிருந்தது. போலீஸ்காரர் கிழவரிடம் ஏதோ சொன்னார், கிழவர் ஏதோ சொன்னார். பிறகு அவர் திரும்பி, வண்டிக்குப் பின்னால் போனார். விலங்கு எடுக்கப் போகிறார் என்று உம்மா என்னை இழுத்து முக்காட்டுக்குள் வைத்துக்கொண்டார்.

அவர் திரும்பி வந்தபோது உடுப்பு இல்லை. வெள்ளைப் பனியனும் கட்டம் போட்ட கைலியும் கட்டியிருந்தார். ஊரில் நம் ஆட்கள் கட்டுகிற அதே கைலி. கையில் ஒரு பெரிய தாம்பாளம். கிழவர் பாய் விரித்தார். தாம்பாளத்தின் மூடியை எடுத்ததும் மணம் எழுந்தது: ஓலையில் சுற்றி, மண்ணுக்குள் சுட்ட கறி, சோற்றின் மேல் குவித்திருந்தது. குழியில் போட்ட பெருநாள் கறியை அன்று காலையில்தான் வெளியே எடுத்தார்களாம். அதற்காகத்தான் கிழவர் எங்களை நகரக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். போலீஸ்காரர் அவருடைய மகன்.

எங்கள் மூவருக்கும் இது புரிந்தது. மாமாவுக்குப் புரியவில்லை, அல்லது புரிந்ததை உடம்பு ஒத்துக்கொள்ளவில்லை. சாப்பிட்டு முடித்ததும் மகன் சின்னக் கிண்ணங்களில் அரபுக் காப்பியான காவா ஊற்றினார். மாமா குடித்தார். ஊற்றினார். குடித்தார். வேண்டாம் என்றால் கோபித்துக்கொள்வார் என்ற பயத்தில் மாமா எட்டுக் கிண்ணம் குடித்தார். போதும் என்று காட்டுகிற அரபு வழக்கம் வாப்பாவுக்குத் தெரியும். ஆனால் அன்று அவருக்கு அது நினைவுக்கு வரவில்லை. ஒன்பதாவதை ஊற்றப்போன மகன் நிறுத்தி, சட்டென்று மாமாவின் மணிக்கட்டைப் பிடித்தார். மாமா கண்ணை மூடிக்கொண்டார். மகன் அந்தக் கையை, கிண்ணத்தோடு சேர்த்து, இடமும் வலமுமாக மெல்ல ஆட்டினார். "போதும் என்றால் இப்படி ஆட்ட வேண்டும். கலாஸ்," என்றார். கிழவர் இருமும் வரை சிரித்தார்.

அவர்களே சங்கிலி போட்டு பிக்கப்பை இழுத்துவிட்டார்கள். மகன் தன் வண்டியில் முன்னால் போய், ஹத்தா பாதை தெரிகிற திருப்பம் வரை வழிகாட்டி, கையை வெளியே நீட்டி அசைத்துவிட்டுத் திரும்பிப் போனார். பத்து நாள் கழித்து மாமா முறைப்படி விமானம் ஏறி நாட்டை விட்டு வெளியேறி, முறைப்படி திரும்பி வந்து, அல் ஐனில் பதினெட்டு வருடம் வேலை பார்த்தார். அதற்கு முன்பே அவர் ஒரு தடவை வெளியேறித் திரும்பியவர் என்பது எந்த முத்திரையிலும் இல்லை.

அன்று ஹத்தாவின் முதல் வீடுகள் தென்பட்டதும் மாமா வண்டியை ஓரங்கட்டினார். எஞ்சினை அணைத்தார்.

உம்மாதான் முதலில் பேசினார். "அந்தப் புள்ள உடுப்போட உக்காந்திருந்தா ஒன்கிட்ட பாஸ்போட்டு கேட்டுத்தானே ஆகணும் தம்பி. கழத்திப் போட்டுட்டு வந்து உக்காந்தாரே."

வாப்பா "ம்" என்றார். மாமா ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. பெரியவர்கள் ஒரு சின்ன விஷயத்துக்கு இவ்வளவு குழம்புகிறார்களே என்று எனக்கு இரக்கமாக இருந்தது.

"அது ஒண்ணும் இல்ல உம்மா," என்றேன். "கறி எண்ணெ பட்டா கறை போகாதுல்ல. அதுக்குத்தான் கழத்திட்டாங்க."

மாமா முகத்தை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். கண்ணெல்லாம் ஈரம்.

"ஆமாம்மா," என்றார். "கறை பட்டுடும்னுதான்."

வாப்பாவும் தலையாட்டினார். உம்மாவும் மறுக்கவில்லை. நான் சொன்னது சரி என்று மூன்று பெரியவர்களும் ஒருசேர ஒப்புக்கொண்டது அதுவே முதல் தடவை. தேரா வந்து சேரும் வரை எனக்குப் பெருமை தாங்கவில்லை.