நெருஞ்சிமேட்டு மீன்வால்

சாலம்மாளிடம் யாராவது எந்த ஊர் என்று கேட்டால் முதலில் அவளுக்கு மூக்கு சிவக்கும். பதில் பிறகுதான் வரும்.

"நெருஞ்சிமேடு."

"அது எங்க இருக்குதுங்க?"

"இருந்த எடத்துலயேதான் இருக்குது. மேல தண்ணி நிக்குது, அவ்வளவுதான்."

கேட்டவருக்கு அதற்குமேல் கேட்கத் தோன்றாது. மேட்டூரில் அணை எழும்பி, காவிரி பின்னுக்கு ஏறி ஊர் ஊராக விழுங்கியதே, அதில் போன ஊர் அது. அறுபது வீடு. ஆளுக்கொரு திசையில் போனார்கள். எல்லாரையும்விடத் தொலைவாகப் போனவர்கள் சாலம்மாளும் அவள் புருஷன் பெரியசாமியும். திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் புளியம்பாளையத்தில் பண்ணையத்துக்கு ஆள் வேண்டும் என்று யாரோ சொன்னார்கள் என்று, நாலு ஆட்டையும் ஒன்பது வயதுப் பெண் சின்னாயியையும் ஓட்டிக்கொண்டு அங்கே போய்ச் சேர்ந்தார்கள். இரண்டாம் வருஷம் காய்ச்சலில் பெரியசாமி போய்விட்டான்.

புருஷனுக்காக அழுதாள். ஊருக்காக அழவில்லை. ஊரை நினைத்து மூக்கைச் சிந்துகிறவர்களைக் கண்டாலே அவளுக்கு ஆகாது. "தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன, மொழம் என்ன" என்று எழுந்து சோளம் அறுக்கப் போய்விடுவாள். கடலை பறித்தாள், களை எடுத்தாள், ஆடு வளர்த்தாள், பெண்ணையும் வளர்த்தாள். ஒன்றை மட்டும் விடவில்லை. குட்டி பிறந்து பத்தாம் நாள், அதன் இடது காது நுனியை இரண்டாகக் கீறி மீன்வால் மாதிரி விடுவாள். அது நெருஞ்சிமேட்டு வெட்டு. ஆற்றுப் படுகையில் பத்து ஊர் ஆடு கலந்து மேயும். பொழுது சாய்ந்தால் காதைப் பார்த்துத்தான் பிரிப்பார்கள். ஊருக்கு ஒரு வெட்டு. புளியம்பாளையத்தில் கலந்து மேய ஆடும் இல்லை, பிரிக்க ஆளும் இல்லை. எதற்கு இந்த வீண்வேலை என்று பக்கத்து வீட்டுக்காரிகள் சிரிப்பார்கள். அவர்கள் சிரித்தால் அவள் இன்னும் ஆழமாகக் கீறுவாள்.

ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று ஊரெல்லாம் பேச்சாகக் கிடந்த தை மாதத்தில் சின்னாயியைப் பெண் கேட்டு வந்தார்கள். மாப்பிள்ளை சென்றாயன், பக்கத்து ஊர்ப் பச்சமுத்துவின் மகன். பையனுக்கும் பெண்ணுக்கும் ஏற்கெனவே கிணற்றடியில் பார்வை முடிந்துபோயிருந்தது. பச்சமுத்துவும் நல்ல மனுஷன். கூட வந்த அவர் அண்ணன் வீரபாகுதான் வாயைத் திறந்தார்.

"எல்லாஞ் செரி. ஊர் வெத்தலை ஆரு வாங்குவாங்க?"

அந்த சனத்தில் அப்படி ஒரு வழக்கம் உண்டு. உறுதி செய்கிற அன்று முதல் வெற்றிலைத் தட்டு பெண்ணைப் பெற்றவர்கள் கைக்குப் போகாது. பெண்ணின் ஊரார் வாங்க வேண்டும். இவள் எங்கள் பெண், இவள் வேர் எங்களுக்குத் தெரியும், நாளைக்கு ஒன்று என்றால் நாங்கள் வந்து கேட்போம் என்று அதற்கு அர்த்தம். அந்தத் தட்டு வாங்கப்படாத சம்பந்தம் சம்பந்தமே இல்லை.

"புளியம்பாளையத்துக்காரங்களே வாங்கட்டுமே, அண்ணா" என்றார் பச்சமுத்து.

"எட்டு வருசம் குடியிருந்தா ஊராயிருமா? இவங்க ஆரு, எங்கிருந்து வந்தாங்க, ஆரு கண்டா? தண்ணிக்குள்ள கெடக்கற ஊருக்கு மீனுதான் வந்து சாட்சி சொல்லோணும்."

வந்தவர்களில் இரண்டு பேர் சிரித்தார்கள். சின்னாயி கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். சாலம்மாள் கையிலிருந்த தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்தாள்.

"மீனே வந்து சொல்லுமுங்க. வைகாசி வரைக்கும் பொறுங்க. அதுக்குள்ள ஊரைக் கொண்டாராட்டி, எம்பொண்ணை நானே வேணாம்னு சொல்லிப்போடறேன்."

சொல்லிவிட்டாள். ஆத்திரத்தில் வந்த வார்த்தைக்குக் கையும் காலும் கிடையாது. அறுபது வீட்டு சனத்தில் ஒருவர் இருக்கிற இடம்கூட அவளுக்குத் தெரியாது. நாலாம் நாள் ஒரு குட்டியின் காதைப் பிடித்துக் கத்தியை வைத்தபோதுதான் அவளுக்குப் பளிச்சென்றது. தன்னைப் போலவே இன்னொரு பிடிவாதக்காரி எங்கேயாவது உட்கார்ந்து இதே வெட்டை வெட்டிக்கொண்டு இருக்க மாட்டாளா?

சின்னாயியைப் பக்கத்து வீட்டில் விட்டாள். பெட்ரோல் கிடைக்காத காலம். கரியைப் போட்டு ஓட்டுகிற பஸ் மேடு வந்தால் மூச்சு வாங்கி நிற்கும், ஜனம் இறங்கித் தள்ள வேண்டும். அதில் சேலம் போய், அங்கிருந்து நடந்து மேச்சேரிக்குப் போனாள். அந்தச் சீமையில் ஆடு விற்கிறவன் எவனாக இருந்தாலும் மேச்சேரிச் சந்தைக்கு ஒருநாள் வந்துதான் ஆக வேண்டும். ஒரு கடலைக் களத்தில் கூலிக்குச் சேர்ந்துகொண்டாள். சந்தை நாளில் மட்டும் வேலைக்கு வரமாட்டேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டாள்.

ஆடு வாங்க வருகிறவர்கள் பல்லைப் பார்ப்பார்கள், முதுகைத் தடவுவார்கள், தோலைக் கிள்ளிப் பார்ப்பார்கள். சாலம்மாள் காதை மட்டும் பிடித்துப் பார்த்துவிட்டு அடுத்த ஆட்டுக்கு நகர்ந்தாள். வியாபாரிகளுக்கு அது நல்ல வேடிக்கை.

"ஏனாயா, ஆட்டுக்குக் கம்மல் செய்யப் போறியா?"

"உன்ற காதையுங் காட்டு. ஒண்ணு உனக்கும் செஞ்சு போடறேன்."

மூன்றாம் சந்தையில் அந்தக் காது வந்தது. செம்மண் நிறக் கிடாய். இடது காது நுனி, மீன்வால். ஓமலூர்ப் பக்கத்தில் தங்கசாமி என்பவரிடம் வாங்கியது என்றான் வியாபாரி. மறுநாளே நடந்தாள். தங்கசாமியின் பட்டியில் பதினோரு ஆடு, பதினொன்றுக்கும் மீன்வால். "மாமா!" என்று கத்திக்கொண்டே வேலிப் படலைத் தள்ளி உள்ளே போய்விட்டாள். தழை போட்டுக்கொண்டிருந்த மனுஷன் திகைத்து நின்றார். அவள் அந்த முகத்தில் நெருஞ்சிமேட்டைத் தேடினாள். ஒரு மூக்கோ ஒரு தாடையோ தெரிந்ததாக இல்லை.

"நெருஞ்சிமேடா? அது எங்க இருக்குதுங்க?" என்றார் தங்கசாமி.

விஷயம் இதுதான். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு பொம்பளையிடம் ஒரு பெட்டையாடு வாங்கினார். அது ஈன்றபோதெல்லாம் இரட்டைக் குட்டி போட்டது. ராசி அந்தக் காதில்தான் இருக்கிறது என்று நினைத்துப் பட்டியில் இருந்த அத்தனைக்கும் அதே மாதிரி கீறிவிட்டார்.

சாலம்மாளுக்கு ஏமாற்றம் எல்லாம் கோபமாகத் திரும்பியது. "எங்கூர்க் காதை உன்ற ஆட்டுக்கு எதுக்கு வெச்சே?"

"ஏனுங்க, காதுல பேரா எழுதியிருக்குது?"

"எழுதித்தான் இருக்குது. உனக்குப் படிக்கத் தெரியல."

அந்த மனுஷன் கோபப்படவில்லை. தலையைச் சொறிந்துகொண்டு அவளுக்குக் கம்பங்கூழ் ஊற்றினார். ஆடு விற்றவள் பேர் பழனியம்மாள் என்றும் நங்கவள்ளி ரோட்டில் இருக்கிறாள் என்றும் சொன்னார். சாலம்மாள் கூழைப் பாதியிலேயே வைத்துவிட்டு எழுந்தாள். நெருஞ்சிமேட்டில் பழனியம்மாளோடு ஒரே கயிற்றில் ஆட்டைக் கட்டி ஆற்றுக்கு ஓட்டிப் போனவள் அவள்.

பழனியம்மாள் முறத்தில் ராகி புடைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். அடையாளம் தெரிந்துவிட்டது. ஆனால் முறம் நிற்கவில்லை.

"எட்டு வருசம். ஒரு சேதி உண்டா? எம்புருசன் செத்ததுக்கு வந்தியா? இப்ப எதுக்கு வந்தே?"

"பொண்ணுக்கு ஊர் வெத்தலை வாங்க ஆளு வேணும். அதுக்குத்தான் வந்தேன்."

"காரியத்துக்கு வந்திருக்கறே."

"ஆமா. காரியத்துக்குத்தான் வந்திருக்கறேன். எம்புருசன் செத்தப்ப நீ வந்தியா?"

முறம் நின்றது. பெரியசாமி போனது பழனியம்மாளுக்கு அதுவரைக்கும் தெரியாது. பிறகு இரண்டு பேரும் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டே அழுதார்கள். திட்டு முடிகிற வரைக்கும் உலை வைக்கவில்லை.

அதற்கப்புறம் ஒன்று பத்தானது. பழனியம்மாளுக்கு ஐந்து வீடு தெரியும். அந்த ஐந்து வீட்டுக்கு ஆளுக்கு இரண்டு வீடு தெரியும். சேலத்தில் தறிக்குப் போனவர்கள், தம்மம்பட்டியில் மரம் அறுக்கப் போனவர்கள் எல்லாருக்கும் சந்தைக்கு வருகிறவர்கள் வாயிலாகச் சேதி போனது. இருபத்துமூன்று வீடு கிடைத்தது. மேச்சேரியில் சடையனும் கிடைத்தார். நெருஞ்சிமேட்டில் குட்டிகளுக்குக் காது வெட்டிக் கொடுத்தவர் அவர்தான். எண்பது வயது, கண் மங்கல், ஞாபகம் மட்டும் கத்தி.

வெற்றிலை வாங்கும்போது பெண்ணின் வம்சத்தைச் சொல்ல வேண்டும். சடையனிடம் சொல்லச் சொன்னாள். அவர் அவள் அப்பனைச் சொன்னார். தாத்தனிடம் வந்து நிறுத்தினார்.

"உங்க தாத்தன் கந்தன் நம்மூர்ல பொறந்தவன் இல்ல சாமி. தாது வருசப் பஞ்சத்துல தம்மம்பட்டிப் பக்கமிருந்து வந்தான். பொண்டாட்டியும் ஒத்தை ஆடும்தான் மிச்சம். ஊர் கூடி அந்த ஆட்டைப் புடிச்சு மீன்வால் வெட்டுச்சு. அன்னிக்கிருந்து அவன் நம்மாளு. எங்கப்பன்தான் வெட்டுனது."

சாலம்மாளுக்குத் தரை நழுவியது. ஊர் ஊர் என்று எட்டு வருஷம் மார் தட்டியவள். பழனியம்மாள் அவள் கையைப் பிடித்து, "இதை முழுங்கிப்போடு. அந்த வீரபாகு காதுல விழுந்தாப் பொண்ணுக்கு வாழ்வில்ல" என்றாள். மறுநாள் காலையில் பச்சமுத்துவுக்கு ஆள் அனுப்பினாள். ஊர் வெற்றிலையை ஊரில்தான் வாங்குவோம், எங்கள் ஊருக்கு வாருங்கள் என்று.

வைகாசியில் அணைத் தண்ணீர் நன்றாக இறங்கியிருந்தது. வெடித்த சேற்றுக்கு நடுவே நெருஞ்சிமேட்டின் மேலத்தெரு வெளியே கிடந்தது. கூரை இல்லாத சுவர்கள், பிள்ளையார் மேடை, வாசல்படிகள். சாலம்மாள் தன் வாசல்படியைக் கண்டுபிடித்து, சேற்றைக் கரண்டியால் சுரண்டி, கழுவி, பாய் விரித்தாள். இருபத்துமூன்று வீட்டு ஆணும் பெண்ணும் நின்றார்கள். எதற்கு என்று யாரும் சொல்லாமலே பாதிப் பேர் ஆட்டை ஓட்டி வந்திருந்தார்கள். வேடிக்கை பார்க்கத் தங்கசாமியும் தன் பதினொன்றோடு வந்து ஓரமாக நின்றார்.

பச்சமுத்து வீட்டார் இரண்டு வண்டியில் வந்தார்கள். வீரபாகுவின் செருப்பில் ஒன்றைச் சேறு வாங்கிக்கொண்டது. ஒற்றைச் செருப்போடு பாயில் உட்கார்ந்தார்.

சடையன் வம்சம் சொன்னார். பெரியசாமி பக்கம் சொன்னார், சாலம்மாளின் அப்பனைச் சொன்னார். பிறகு ஊர் ஏற்பாடு செய்திருந்தபடி இருமினார். தாத்தனைச் சொல்லாமல் அதோடு முடித்துவிடலாம் என்று பேச்சு.

"நிறுத்தாதீங்க பெரியப்பா. நானே சொல்றேன்" என்றாள் சாலம்மாள். "எங்க தாத்தன் பஞ்சத்துல பொழைக்க வந்தவருங்க. இந்த ஊர்தான் அவரு ஆட்டுக்குக் காது வெட்டி ஊர்க்காரனாக்குச்சு."

பழனியம்மாள் தலையில் கை வைத்துக்கொண்டாள். வீரபாகு எழுந்தே விட்டார். "கேட்டீங்களா? நான் அப்பவே சொன்னேன். வந்தேறி வம்சம்!"

"ஆமாங்க, வந்தவங்கதான். மறைச்சுக் குடுத்தா அது பொண்ணுக் குடுக்கறது இல்லீங்க, ஏமாத்தறது. உங்க தாத்தன் எந்த ஊருங்க?"

"நாங்க அந்த மண்ணுலயேதான்."

"அவருக்கும் முந்தி?"

வீரபாகு வாயைத் திறந்தார். தம்பியைப் பார்த்தார். பச்சமுத்து சேற்றைப் பார்த்தார். இரண்டு வண்டி ஆட்களில் ஒருவருக்கும் தெரியவில்லை.

"எங்களுக்குத் தெரியுமுங்க" என்றாள் சாலம்மாள். "எங்கிருந்து வந்தோம், ஆரு சேத்துக்கிட்டாங்க, எல்லாந் தெரியும். எந்தத் தண்ணியும் அதை மூடல. இஷ்டமிருந்தா வெத்தலையக் குடுங்க. இல்லாட்டி வண்டியப் பூட்டுங்க."

சின்னாயி அம்மாவுக்குப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள். பயந்துதான் இருந்தாள், ஆனால் தலை குனியவில்லை. சென்றாயன் தட்டை எடுத்தான். பச்சமுத்து அதை மகனிடமிருந்து வாங்கிச் சாலம்மாள் பக்கம் நீட்டினார். அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"கேட்டவரு கையால குடுக்கட்டுமுங்க."

ஆடுகள் மட்டும் கத்தின. கடைசியில் வீரபாகு தம்பி கையிலிருந்து தட்டை வாங்கினார். ஒற்றைச் செருப்பையும் கழற்றிப் போட்டுவிட்டுச் சேற்றில் இறங்கி நின்று நீட்டினார்.

சடையன் வாங்கினார். தட்டு கைமாறிக் கைமாறி இருபத்துமூன்று வீட்டுக்கும் போனது. ஆளுக்கு ஒருமுறை தொட்டார்கள். எல்லாரும் தொட்டு முடிந்ததும் சாலம்மாள் அதை வாங்கிக்கொண்டு, ஓரமாக நின்ற தங்கசாமியிடம் போனாள்.

"வாங்க மாமா. தொடுங்க."

"நானா? எனக்கு இந்த ஊர் இல்லீங்களே."

"உங்க ஆட்டுக் காதைப் பாருங்க" என்று சொல்லி அவர் கையைப் பிடித்துத் தட்டின்மேல் வைத்தாள்.