ஹம்தம் சொல்லாத பெயர்

“என் நாக்கை அறுத்து இந்தத் தட்டுல வெச்சாலும் சரி, பெண்டாட்டி பேரு அதுல இருந்து வராது!”

கோகந்த் நகரில், சனிக்கிழமைதோறும் நாங்கள் எட்டுப் பேர் கூடிப் பலாவ் சாப்பிடும் தேநீர்க் கடையில், ஃப்ரிட்ஜ் மெக்கானிக் ஹம்தம் இந்தப் பிரகடனத்தை வெளியிட்டார். அவருக்குக் கல்யாணமாகி ஒன்பது நாள் ஆகியிருந்தது.

“எங்கப்பா முப்பத்தெட்டு வருஷம் குடும்பம் நடத்தினாரு. ஒரு தடவை அம்மா பேரைச் சொல்லிருப்பாரா? ஆஸ்பத்திரில டாக்டர் கேட்டப்பகூட வாயைத் தொறக்கல. அடையாள அட்டையத்தான் நீட்டினாரு.”

பலாவ் சூடாக இருந்ததால் சபை எழுந்து நின்று கைதட்டவில்லை. ஆனால் முடிவெட்டும் ஒதில் கையிலிருந்த எலும்பைக் கீழே வைத்துவிட்டு, “ஆம்பள!” என்றார். ஒதில் எலும்பைக் கீழே வைத்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

பெயர் சொல்லாமல் குடும்பம் நடத்த எங்கள் ஊரில் எல்லா வசதியும் உண்டு. பிள்ளை பிறந்துவிட்டால் அதன் பெயரைச் சொல்லி மனைவியைக் கூப்பிட்டுக்கொள்ளலாம். அதுவரைக்கும் அவர் “வீட்டில இருக்கறவங்க”. ஹம்தமின் வீட்டில் இருக்கறவங்களிடம் ஒரே ஒரு குறை, அவர் வீட்டில் இல்லை. கன்னிப்பெண்ணாக இருந்தபோதே க்ரீன் கார்டு குலுக்கலில் பெயர் விழுந்து நியூயார்க் போனவர். அங்கே முதியவர்களைக் குளிப்பாட்டிச் சாப்பாடு ஊட்டும் வேலை. இருபத்திரண்டு நாள் விடுப்பில் வந்தார், ஹம்தமைக் கட்டிக்கொண்டார், திரும்பிப் போனார். போய்ச் சேர்ந்த அதே வாரத்தில், கணவனை அங்கே அழைத்துக்கொள்ளக் குடியேற்ற அலுவலகத்தில் மனுப் போட்டார்.

மனுவுக்குக் கல்யாணம் நிஜம் என்று சாட்சி வேண்டுமாம். ஹம்தம் நாற்பது படங்களைப் பொறுக்கி அனுப்பினார். நாற்பதிலும் மணப்பெண் தலையைக் குனிந்துகொண்டு, யாரோ செத்துப்போனதுபோல் நிற்கிறார். எங்களுக்கு அதில் பெருமை. மணமேடையில் சிரிக்கிற பெண்ணைப் பற்றி, அம்மா வீட்டை விட்டு ஓடத் துடிக்கிறாள் என்று மூன்று தெரு தாண்டிப் பேச்சுப் போகும். ஹம்தமும் அதே துக்கத்தில்தான் இருந்தார். முப்பத்தேழு படங்களில் இருவருக்கும் நடுவே ஏதாவது ஓர் அத்தை நிற்கிறார்.

கூடவே இருவரும் போனில் அனுப்பிக்கொண்ட செய்திகளையும் அச்செடுத்து அனுப்பினார். ஒன்றைப் படித்தால் எல்லாவற்றையும் படித்த மாதிரி:

“நல்லா இருக்கீங்களா?”

“நல்லா இருக்கேன். நீங்க?”

“நல்லா இருக்கேன். அம்மாகிட்ட போனைக் குடுங்க.”

அம்மாவின் பெயர் எனக்குத் தெரியாது. காரணம் மேலே சொல்லியிருக்கிறேன்.

பதினான்கு மாதம் கழித்துப் பதில் வந்தது. அனுமதி அல்ல, கேள்வி. இந்தச் சாட்சிகள் போதாது, எண்பத்தேழு நாளில் வேறு அனுப்பவும், தவறினால் மனு தள்ளுபடி.

“தள்ளுபடின்னா?” என்று கேட்டார் அம்மா.

“மறுபடி முதல்ல இருந்தும்மா.”

“மறுபடி கல்யாணம் பண்ணணுமாடா? அத்தைங்களுக்கெல்லாம் முட்டி வலிடா!”

ஹம்தம் சிரிக்கவில்லை. அந்த வாரம் மூன்று ஃப்ரிட்ஜ்களைக் கழற்றிப்போட்டு, எதையும் திரும்ப மாட்டவில்லை. சனிக்கிழமை பலாவில் கை வைத்தார், வாய்க்குக் கொண்டுபோகவில்லை. அவருக்கு முப்பத்து மூன்று வயது, மனைவியோடு வாழ்ந்தது இருபத்திரண்டு நாள்கூட இல்லை. அதிலும் பாதி நாள் விருந்து.

நண்பர்கள் சும்மா இருப்போமா? வட்டாரக் குழுவுக்குப் போய், வட்ட முத்திரையோடு ஒரு சான்றிதழ் வாங்கினோம். “குடிமகன் ஹம்தம் தெரு சுத்தம் செய்யும் பணிக்குத் தவறாமல் வருபவர். குடிப்பழக்கம் இல்லை. மனைவியுடன் சண்டையிட்டதாக எந்தப் பதிவும் இல்லை.”

“பதிவு எப்படி இருக்கும்?” என்றார் ஒதில். “பத்தாயிரம் கிலோமீட்டர் தள்ளி நின்னா என் பெண்டாட்டிகூடத்தான் தங்கம்!”

சான்றிதழை மொழிபெயர்க்கக் கடைத்தெருவுக்குக் கொண்டுபோனோம். மொழிபெயர்ப்புக் கடை நடத்தும் தில்ஃபூசா அதை ஒரு முறை படித்தார், மேசையில் கவிழ்த்து வைத்தார்.

“அண்ணே, இது வேலைக்கு ஆகும். மனைவிக்கு ஆகாது. நீங்களே உங்க வாயால ஒரு வாக்குமூலம் குடுங்க. சொல்லுங்க, நான் தட்டச்சு பண்றேன். அவங்ககிட்ட உங்களுக்கு என்ன பிடிக்கும்?”

“அடக்கம்.”

“போன வாரம் வந்தவரும் அதேதான் சொன்னாரு. அதுக்கு முன்னால வந்தவரும். மூணு பேருக்கும் ஒரே பெண்டாட்டியா?”

ஹம்தம் எங்களைத் திரும்பிப் பார்த்தார். ஆண்மையின் சார்பில் நானும் ஒதிலும் வாசலுக்கு நகர்ந்தோம். கதவைச் சாத்தவில்லை. காற்று வேண்டுமல்லவா.

பிறகு உள்ளே யாரோ பேசுவது கேட்டது. அது ஹம்தம்தான் என்று எனக்குக் கொஞ்சம் தாமதமாகவே புரிந்தது.

“எங்க வீட்டு ஃப்ரிட்ஜ் ஆறு வருஷமா கடகடன்னு ஆடும். நான் மெக்கானிக்கு. ஊரு ஃப்ரிட்ஜெல்லாம் பாப்பேன், என் வீட்டோடத தொட மாட்டேன். அவங்க வந்த மூணாம் நாளு, விமானம் ஏறக் குடுத்தாங்கள்ல, அந்தப் பயணச் சீட்டை நாலா மடிச்சுக் காலுக்கு அடியில வெச்சாங்க. நின்னுபோச்சு. என்கிட்ட ஒண்ணுமே சொல்லல. நான் வீட்டுக்குள்ள வந்து, ஏதோ குறையுதேன்னு நின்னுட்டு இருந்தேன். அவங்க ஓரமா நின்னு சிரிச்சாங்க.”

“அந்தச் சீட்டு?”

“அங்கதான் இருக்கு. அம்மா தரையைப் பெருக்கும்போது நான் பக்கத்துல நிப்பேன்.”

தட்டச்சு ஓடியது. ஒதில் எதிர்க் கடையில் தொங்கிய வாணலிகளை ஒவ்வொன்றாகத் தீவிரமாக ஆராய்ந்துகொண்டிருந்தார்.

அந்தக் காகிதம் எண்பத்தேழு நாளுக்குள் போய்ச் சேர்ந்தது. நான் இதை எழுதும் இன்றுவரை பதில் இல்லை. “பரிசீலனையில் உள்ளது” என்று காட்டும் பக்கத்தை ஹம்தம் தினமும் திறந்து பார்க்கிறார். அது பரிசீலனையில்தான் இருக்கிறது.

ஆனால் அன்று கடையில் இன்னும் ஒரு வேலை பாக்கி இருந்தது. தில்ஃபூசா முழுவதையும் படித்துக் காட்டினார்.

“‘அவங்க’, ‘அவங்க’ன்னு பதினாறு இடத்துல வருது, அண்ணே. படிக்கறவங்களுக்கு யாருன்னு தெரியணும். பாஸ்போர்ட் நகலைக் குடுங்க, பேரைப் பாத்துப் போட்டுக்கறேன்.”

ஹம்தமின் கை சட்டைப்பைக்குப் போனது. நகல் அங்கேதான் இருந்தது, மேல் நுனி எனக்கே தெரிந்தது. கை அங்கேயே கொஞ்சம் நின்றது. பிறகு வெறுங்கையாகக் கீழே வந்தது.

“சர்வினோஸ்,” என்றார்.

“கொஞ்சம் சத்தமா, அண்ணே.”

“சர்வினோஸ். பதினாறு இடத்துலயும் போடுங்க.”